சீனியர்

யாழ்ப்பாணத்தில் ஓய்வூதியம் எடுக்கத் தொடங்கும் ஆண்மகனுக்கு மூன்று பதவிகள் காத்திருக்கின்றன: கோயில் பரிபாலன சபைத் தலைவர், சனசமூக நிலையத் தலைவர், சீனியர். முதல் இரண்டுக்கும் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும், கதிரைகள் பறக்கும், வழக்கு மல்லாகம் நீதிமன்றம் வரைக்கும் போகலாம். மூன்றாவதற்கு இரண்டு துளி இரத்தம் போதும். வெறும் வயிற்றில் சீனி இரண்டு தடவை 126ஓ அதற்கு மேலோ காட்டினால் ஆள் பதவியேற்றுவிட்டார். எதிர்த்துப் போட்டியிட எவருமில்லை. ஆயுட்காலப் பதவி.

எங்கள் ஒழுங்கைச் சீனியர், கணித ஆசிரியராக இருந்து இளைப்பாறியவர். ஊருக்கு இன்றும் ‘கணக்கு மாஸ்ரர்’. விடிந்ததும் உதயன் பேப்பரும் கையுமாகப் படலையடியில் கதிரை போட்டு உட்கார்ந்துவிடுவார். பேப்பர் ஒரு சாட்டு. உண்மையான அலுவல் ஒழுங்கையால் போகிறவர்களை மறிப்பது.

“தம்பி, எவ்வளவு?”

புதிதாகக் குடிவந்தவர்கள் சம்பளத்தைக் கேட்கிறார் என்று நினைத்துத் தடுமாறுவார்கள். ஊரவர்கள் சைக்கிளை விட்டு இறங்காமலே ஒற்றைக் காலை ஊன்றிப் பதில் சொல்வார்கள்.

“நூற்றி முப்பத்தாறு, மாஸ்ரர்.”

“சாப்பாட்டுக்கு முதலோ, பிறகோ?”

“முதல்.”

“போன மாசம் நூற்றி இருபத்தொன்பதெல்லே? ஏழு கூடியிருக்கு. உமக்கு ஓ.எல்.லிலயும் இப்பிடித்தான். கூட வேண்டிய இடத்தில கூடாது.”

ஒழுங்கையில் ஆருக்கு எவ்வளவு, எந்த மாதம் ஏறியது, எந்தக் கலியாணவீட்டுக்குப் பிறகு எகிறியது என்ற பதிவேடு முழுக்க அவர் தலைக்குள் இருக்கிறது. அரச வைத்தியசாலைக் கொப்பிகள் தொலையலாம். மாஸ்ரரின் பதிவேடு தொலையாது.

தன்னுடைய நோயைப் பற்றி மட்டும் அவருக்கு ஒரு சட்டப்பூர்வமான ஆட்சேபணை உண்டு. 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தார், வெறும் வயிற்று அளவு 140 என்று இருந்த கோட்டை 126க்கு இறக்கினார்கள். மாஸ்ரர் முதன்முதல் இரத்தம் கொடுத்தது 1998இல், வந்தது 131. “ஒரு வருஷம் முந்திப் பாத்திருந்தால் நான் பாஸ். வெட்டுப்புள்ளியை மாத்தி என்னைப் பெயிலாக்கினவங்கள்” என்பார். பிறகு அந்த எண் 140ஐயும் தாண்டி, 160ஐயும் தாண்டிப் போனதை இந்த வழக்கில் அவர் ஒரு தடவையும் சாட்சியமாக எடுத்துக்கொண்டதில்லை.

இனி அவருடைய வைத்தியத்துக்கு வருவோம். நாற்பது வருடம் கணிதம் படிப்பித்த மனிதர், சீனி வருத்தம் என்று வந்ததும் நான்கு கணிதச் செய்கைகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொண்டார்: கூட்டல். எந்த எண் ஏறினாலும் அவர் உடனே எதையாவது கூட்டுவார். எதையும் கழிக்கமாட்டார்.

காலையில் எழும்பினால் முதலில் இரவு ஊறவைத்த வெந்தயத் தண்ணீர். அது பழைய கூட்டல். அடுத்தது கொத்தலஹிம்புட்டு மரத்தில் கடைந்த குவளை. கொழும்பிலிருந்து பழைய மாணவர் ஒருவர் வாங்கி வந்து கொடுத்தது. இரவு தண்ணீர் ஊற்றி வைத்தால் விடியச் செம்மை படர்ந்திருக்கும். அந்த மரத்தை லேசாக நினைக்கக்கூடாது. இலங்கையில் 51 நோயாளிகளுக்கு அதன் தேநீரையும் வெறும் தேநீரையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. ஹிம்புட்டுத் தேநீர் குடித்த மாதங்களில் சீனி உண்மையாகவே குறைந்திருந்தது. அந்த ஆய்வுக்காரர்கள் எதிர்பாராதது ஒன்றுதான். எங்கள் மாஸ்ரர் மரத்தண்ணீரைக் குடித்து முடித்த கையோடு, அதே குவளையில் நெஸ்ரமோல்ற் ஊற்றிக் குடிக்கிறார். “மரத்தின்ர சக்தி அதுக்குள்ளயும் இறங்கும்” என்பது விளக்கம்.

பிறகு பாவற்காய்ச் சாறு. முகத்தைச் சுழிக்காமல் குடிப்பார். கைப்பான எதையும் குடித்தால் பாவம் கழியும் என்ற நம்பிக்கை அவருக்கு எங்கோ அடியாழத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வேலியில் படரவிட்டிருக்கும் சிறுகுறிஞ்சான் இலை இரண்டு. இந்த இலையில் அவருக்குத் தனி மோகம், காரணமும் உண்டு. மென்று துப்பிவிட்டுச் சீனியை நாக்கில் வைத்தால் மணல் தின்பது மாதிரி இருக்கும். இலையிலுள்ள அமிலம் நாக்கின் இனிப்பு உணரும் இடங்களைக் கொஞ்ச நேரத்துக்கு மறைத்துவிடுகிறது. ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு இந்த வித்தையைக் காட்டி அவர் நல்ல பெயர் எடுத்திருக்கிறார். அதோடு நின்றிருக்கலாம். போன வருடம் ஒரு சாமத்திய வீட்டில், இலையை மென்றுவிட்டு அடுத்தடுத்து மூன்று லட்டு சாப்பிட்டதை நானே பார்த்தேன்.

“மாஸ்ரர், என்ன இது?”

“இனிப்புத் தெரியேல்லை காணும். நாக்குக்கே தெரியாதது ரத்தத்துக்கு எப்பிடித் தெரியும்?”

இவ்வளவும் முடிந்த பிறகுதான் காலைச் சாப்பாடு. குரக்கன் மாப் புட்டு. குரக்கன் என்பதால் இரண்டு நீத்துப்பெட்டி. குரக்கனில் நார் இருக்கிறது, கல்சியம் இருக்கிறது, நல்ல தானியம். ஆனால் அதுவும் மாச்சத்துத்தான் என்ற செய்தி எங்கள் ஒழுங்கைக்குள் இன்னும் நுழையவில்லை. ஆனி மாதமென்றால் பக்கத்தில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் இருக்கும். மத்தியானம் மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு. தவிடு போகாத சிவப்பரிசி வெள்ளைச் சோற்றை விட நல்லதென்று டொக்டர் ஒரு தடவை சொல்லிவிட்டார். நல்லது என்ற சொல்லை மாஸ்ரர் எப்போதும் ‘கூடச் சாப்பிடலாம்’ என்றே விளங்கிக்கொள்வார். முன்பு இரண்டு அகப்பை வெள்ளைச் சோறு தின்றவர் இப்போது நாலு அகப்பை சிவப்புச் சோறு தின்கிறார், மருந்து என்ற பக்தியோடு.

பனைக்கு வருவோம். பனையை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தானின் சீனியைப் பற்றிப் பேச முடியாது. பனங்கட்டி சீனியில்லை என்பது எங்கள் குடாநாட்டின் எழுதாத அரசியலமைப்பில் முதலாம் சரத்து. மாஸ்ரர் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை. அதை அவர் ஒரு துறவாகவே அறிவிப்பார். வெறும் தேத்தண்ணியை வலக்கையில் வைத்துக்கொண்டு இடக்கையில் பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடிப்பார். பனங்கட்டியிலும் பெரும்பங்கு சுக்குரோசுதான், கடைச் சீனியிலிருக்கும் அதே சுக்குரோசு. மேலதிகமாகக் கொஞ்சம் தாதுப்பொருளும், ஓலைக் குட்டானின் மணமும், இனப்பற்றும் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னது சமிபாட்டைப் பாதிப்பதில்லை.

இதற்கிடையில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பனங்களியின் கைப்புக்குக் காரணமான பொருளை எலிகளுக்குக் கொடுத்து, குடலிலிருந்து இரத்தத்துக்குள் சீனி ஏறுவதை அது மட்டுப்படுத்துகிறதென்று எழுதியிருந்தார்கள். அந்தச் செய்தி மாஸ்ரரின் காதில் விழுந்த நாளிலிருந்து ஆவணி, புரட்டாதி மாதங்கள் அந்த வீட்டில் பனங்காய்ப் பணியாரத் திருவிழா. பனங்களி, கோதுமை மா, சீனி, கொதி எண்ணெய். எலிகளுக்கு யாரும் பணியாரம் சுட்டுக் கொடுக்கவில்லை என்று நான் சொன்னேன். “அதுதான் எலி எலியாவே இருக்கு” என்றார்.

ஆனால் இவையெல்லாம் உள்ளூர்ச் சரக்கு. மாஸ்ரரின் அந்தஸ்து ஏறியது, ரொறன்ரோவிலிருந்து சூட்கேஸ் வரத் தொடங்கிய பிறகுதான். மகன் ஸ்காபரோவில் இருக்கிறான். ஊருக்கு ஆர் வெளிக்கிட்டாலும் அவர்கள் கையில் ஒரு பார்சல் கொடுத்தனுப்புவான்: குரோமியம், மக்னீசியம், அப்பிள் வினிகர் குளிசை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கறுவாக் கப்சூல். மாஸ்ரர் அவற்றைக் கண்ணாடி அலுமாரியில், பேரப்பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களுக்கு முன்னால் உயர வரிசைப்படி அடுக்கி வைத்திருக்கிறார்.

அந்தக் கறுவாப் போத்தலை ஒருநாள் கையில் எடுத்துப் பார்த்தேன். ‘அசல் சிலோன் கறுவா’ என்று போட்டிருந்தது. காலி, மாத்தறைப் பக்கத்தில் பட்டையாக உரிபட்டு, கப்பலேறி, எங்கோ தூளாகி, கனடாவில் போத்தலுக்குள் அடைபட்டு, ஸ்காபரோக் கடையில் டொலருக்கு விலைபோய், விமானமேறி, கட்டுநாயக்காவில் இறங்கி, ஏ-9 வீதியால் இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்திருக்கிறது. மாஸ்ரரின் மனைவியான மாமியின் அடுப்படியில், கறித்தூள் போத்தலுக்குப் பக்கத்தில், அதே கறுவா ஒரு சுற்றுக் கிடந்தது. அது மருந்தில்லை. உலகம் சுற்றவில்லையே.

ரொறன்ரோ என்றதும் வேறொன்று நினைவு வருகிறது. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதே அந்த நகரத்தில்தான். 1921இல் பான்ரிங்கும் பெஸ்ற்றும் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் வேலையைத் தொடங்கினார்கள். 1922 ஜனவரியில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. உரிமத்தைக் கண்டுபிடிப்பாளர்கள் ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். ஸ்காபரோவிலிருந்து வரும் கறுவாக் கப்சூலின் விலையில் அந்த உரிமத்தைப் பலமுறை வாங்கலாம். நியாயப்படி அந்த ஊர்ச் சூட்கேஸில் வரவேண்டியது இன்சுலின் மீதுள்ள மரியாதை. ஆனால் மாஸ்ரருக்கு ஊசி என்றால் அந்தியேட்டிக்கு நாள் குறிப்பது மாதிரி. “ஊசிக்குப் போனால் பிறகு திரும்பி வாறதில்லை” என்று ஒழுங்கை முழுக்கப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்.

மெற்ஃபோர்மினிலும் அவருக்கு மதிப்பில்லை. முதற்குற்றம், அது யாழ். போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் சும்மா கிடைக்கிறது. இரண்டாவது, அது ‘இங்கிலிஷ் மருந்து’. ஐரோப்பாவில் வயலோரம் முளைக்கும் கலேகா என்ற செடியைத் தொடர்ந்து போய்த்தான் அந்த மருந்துக்கு வந்து சேர்ந்தார்கள், 1957இல் பாரிஸில் ஒரு வைத்தியர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் என்று சொன்னால், “அப்ப அந்த இலையை அனுப்பச் சொல்லும்” என்பார். ஆனாலும் குளிசையைப் போடுகிறார். எப்படியென்றால், மாமி அதைச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் ஊறுகாய் மாதிரி வைத்துவிடுவதால், பேச்சுவாக்கில் உள்ளே போய்விடும். இருபது வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் உண்மையில் வேலை செய்துகொண்டிருப்பது அந்தக் குளிசையும் மாமியும்தான். இன்னொரு வேடிக்கை: மெற்ஃபோர்மினை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையக்கூடும், மாஸ்ரர் மரக்கறிக்காரர் வேறு. அவருக்கு நியாயமாகத் தேவைப்படக்கூடிய ஒரே போத்தல் அதுதான். அலுமாரியில் அது மட்டும் இல்லை.

சித்த வைத்தியத்துக்கும் போய்ப் பார்த்தார். கைதடியில் ஒரு வைத்தியர் நாடி பிடித்து, ஆவாரம்பூக் குடிநீர் எழுதிக் கொடுத்து, கூடவே ஒரு முழுத்தாள் பத்தியமும் எழுதிக் கொடுத்தார். சோறு குறை, கிழங்கு தவிர், பகல் நித்திரை வேண்டாம். மாஸ்ரர் குடிநீர்ப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்தார். பத்தியத் தாளில் கடலை சுற்றிக்கொண்டு வந்தார். “ஆள் நல்ல வைத்தியர், ஆனால் கொஞ்சம் இங்கிலிஷ் டொக்டர்மார் மாதிரிக் கதைக்கிறார்” என்று எங்களிடம் குறைப்பட்டுக்கொண்டார். இரண்டு வைத்தியமும் ஒன்றாகச் சொல்லும் ஒரேயொரு விஷயத்தை இரண்டிடமிருந்தும் கவனமாகத் தவிர்த்துவந்த கெட்டிக்காரத்தனத்தை எப்படிப் புகழ்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவருடைய சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து ரொபி இருக்கும். சீனி திடீரென்று இறங்கினால் வாயில் போட. நல்ல முன்னெச்சரிக்கைதான், இன்சுலின் எடுப்பவர்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டியது. மெற்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி அப்படி விழுவது அபூர்வம். மாஸ்ரருக்கு அந்த அபூர்வம் நாள்தோறும் பின்னேரம் நாலு மணிக்கு, மனைவி கோயிலுக்கு வெளிக்கிட்ட ஐந்தாவது நிமிடத்தில் நிகழும். “கை நடுங்குது தம்பி” என்று சொல்லிக்கொண்டே, கடதாசியைக் கொஞ்சமும் நடுங்காமல் பிரிப்பார்.

கழித்தலே தெரியாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். கிளினிக் திகதிக்கு மூன்று நாள் இருக்கையில் அவருக்குக் கணிதம் முழுவதும் திரும்பி வரும். சோறு அரை அகப்பையாகும். பனங்கட்டிப் பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறும். ஒழுங்கையைப் பத்துத் தரம் சுற்றி நடப்பார். நாலாம் நாள் விடிய நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, 118 என்று கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு வருவார். வருகிற வழியிலேயே ஒரு கடையில் உளுந்து வடை. கடைசி இரவில் பாடமாக்கிவிட்டு வரும் பெடியளை ஒரு காலத்தில் பிரம்பால் அடித்த கை அது.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது ஒரு இளம் டொக்டர். வெறும் வயிற்றுக் கணக்கு நன்றாயிருக்கிறது, எதற்கும் வெளியில் ஏ-வன்-சி ஒன்று செய்துகொண்டு வாருங்கள் என்று துண்டெழுதிக் கொடுத்தார். குருதியிலுள்ள சீனி செங்கலங்களின் ஈமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. செங்கலத்தின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். ஆகவே இரண்டு மூன்று மாதக் கதை முழுக்க அதில் எழுதியிருக்கும். மூன்று நாள் தவம் அங்கே செல்லாது. 9.1 வந்தது. மாஸ்ரர் இரண்டு நாள் படலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, “அது பழசைக் கிளறுற சோதனை. நல்ல மனுசர் அப்பிடிச் செய்யமாட்டினம்” என்று தீர்ப்புச் சொன்னார்.

அவருடைய வாழ்நாளின் மிகச்சிறந்த ஏ-வன்-சி 2022இல் வந்தது. நாடு வங்குரோத்தாகி, பெற்றோல் வரிசை கிலோமீற்றர்க் கணக்கில் நீண்ட வருடம். மாஸ்ரரின் ஸ்கூட்டர் கொட்டிலில் படுத்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மிதித்த பழைய சைக்கிள் வெளியே வந்தது. கடைக்கும் கோயிலுக்கும் சந்தைக்கும் மிதி, மிதியென்று மிதித்தார். சீனி விலையும் கோதுமை மா விலையும் ஏறியதால் பணிஸும் பணியாரமும் தாமாகவே போயின. சூட்கேஸும் வரவில்லை. முடிவு: 7.2. மாஸ்ரர் அந்தத் தாளைக் கொண்டு ஒழுங்கை முழுக்கத் திரிந்தார்.

“எதாலை எண்டு நினைக்கிறீர்?”

“சைக்கிளாலை, மாஸ்ரர்.”

“விசர்க் கதை. ஆவாரம்பூ!”

பெற்றோல் திரும்பி வந்தது, ஸ்கூட்டர் எழும்பியது, அடுத்த சோதனையில் 8.6. ஆவாரம்பூ இப்போது பழைய மாதிரி இல்லையாம், உரம் அடிக்கிறார்களாம். றோட்டோரத்தில் தன்பாட்டில் பூக்கும் ஆவரசுக்கு ஆர் மினக்கெட்டு உரம் அடிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. வயதுக்கு மரியாதை.

சிரிக்காமல் சொல்ல வேண்டியதும் ஒன்றிருக்கிறது. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் மாஸ்ரர் வெறுங்காலோடுதான் போவார். உச்சிவெயிலில் அந்த மணல் கொதிக்கும். மற்றவர்கள் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓட, அவர் ஆறுதலாக நடந்து வருவார். பக்தி என்று சனம் பார்த்து நிற்கும். மாமி மட்டும் இரவில் அவரை இருத்தி, லைற்றைப் பிடித்து, இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்ப்பா. காலில் உணர்ச்சி குறைந்துவிட்டதென்பது அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தெரியும், ஒருவர்தான் ஒத்துக்கொள்வார். பக்கத்து ஒழுங்கையில் ஒரு சிறு கொப்புளத்தில் தொடங்கி விரல் எடுக்கப்பட்டவர் இருக்கிறார். படலையடி விசாரணையில் மாஸ்ரர் அவரிடம் மட்டும் எண் கேட்பதில்லை.

போன ஞாயிறு பின்னேரம் வட்ஸ்அப்பில் மகன் வந்தான். மாஸ்ரர் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் போடுவார், ஒழுங்கைக்கே கேட்கும்.

“அப்பா, எனக்கும் வந்திட்டுதாம்.”

“என்னது?”

“சீனி.”

“எவ்வளவு?”

“எட்டு தசம் நாலு.”

“எட்டோ? எட்டெண்டால் ஆள் விழுந்தெல்லே கிடக்க வேணும்!”

“இது கனடாக் கணக்கப்பா. பதினெட்டாலை பெருக்க வேணும்.”

மாஸ்ரர் கண்ணை மூடினார். நாற்பது வருடப் பழக்கம். தாள் பேனை தேவையில்லை. “நூற்றி ஐம்பத்தொன்று” என்றார். குரல் வகுப்பறைக் குரலாக மாறியிருந்தது.

“கவனமாக் கேள். சோத்தைப் பாதியாக் குறை. இரவில புட்டு வேண்டாம். கோலா, யூஸ் ஒண்டும் வீட்டுக்குள்ள எடுக்காத. வேலை முடிஞ்சு வந்து அரை மணித்தியாலம் நட, பனியெண்டாலும் மோலுக்குள்ள நட. டொக்டர் தாற குளிசையை நேரத்துக்குப் போடு. அவர் ஊசி எண்டாலும் ஓமெண்டு சொல்லு. மூண்டு மாசத்துக்கு ஒருக்கால் ஏ-வன்-சி பார். காலைப் பார்.”

“அந்தக் கறுவாக் கப்சூல் எடுக்கட்டே அப்பா?”

“சும்மா காசைக் கரியாக்காதை.”

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே வாய் திறந்தபடி நின்றுவிட்டது. ஒன்றைக்கூடக் கூட்டவில்லை; முழுக்க முழுக்கக் கழித்தல், ஒரு பிழையில்லாமல்.

அன்றிரவு மாமி கோப்பையில் ஒரு கைப்பிடி குரக்கன் புட்டும், ஒரு மலை கீரையும், பயற்றங்காய்க் குழம்பும் வைத்துக் கொண்டுவந்து குடுத்தா. மாஸ்ரர் கோப்பையைப் பார்த்தார், அவவைப் பார்த்தார்.

“இஞ்சாரும், என்ன இது?”

“நீங்கள்தானே பின்னேரம் சொன்னீங்கள்.”

“அது அவனுக்குச் சொன்னது. மற்ற நீத்துப்பெட்டியையும் கவிட்டுக்கொண்டு வாரும்.”